24 வோல்ட் படகில் 12 வோல்ட் செட்: லீனியரா, சுவிட்சிங்கா?

பாம்பன்காரன்:
எங்கள் விசைப்படகில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறோம். வி.எச்.எஃப் ரேடியோ செட்டுக்கு வேண்டியது 13.8 வோல்ட். மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், வோல்டைக் குறைத்துக் கொடுக்கிற பழைய லீனியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குட்டியாக ஒரு சுவிட்சிங் கன்வெர்ட்டர் மாட்டினேன். அன்றிலிருந்து, அவசரத்துக்கும் அழைப்புக்கும் உள்ள 16-ஆம் சேனலில் ஒரே இரைச்சல். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைக் கூட்டினால் இரைச்சல் நிற்கிறது. தூரத்துப் படகு கூப்பிடுவதும் கூடவே நின்றுபோகிறது. பழையதற்கே திரும்பிவிடலாமா? ஜூன் 14 வரை படகு கரையில்தான், சோதித்துப் பார்க்க நேரம் இருக்கிறது.

உப்புக்காத்து:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? சுவிட்சிங் என்றாலே கரண்டை நொடிக்கு லட்சம் தடவை வெட்டி வெட்டி விடுகிற வேலை. வெட்டு எவ்வளவு கூர்மையோ, அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று போகிற மடங்கு அலைகள் அவ்வளவு உயரம் ஏறும். 16-ஆம் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அது வந்துதான் உன் செட்டில் கத்துகிறது. லீனியரில் இந்த வெட்டே கிடையாது. ஒரு ரெகுலேட்டர் ஐசி, இரண்டு 3055 டிரான்சிஸ்டர், சூட்டை வெளியேற்ற நல்ல ஹீட் சிங்க், அவ்வளவுதான். கெட்டால் பக்கத்துத் தங்கச்சிமடத்திலேயே பழுது பார்த்துவிடலாம். குட்டிப் பெட்டிக்குள் உப்பு இறங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கீழக்கரை_சர்க்யூட்:
அண்ணே, கணக்கைப் போடுங்கள். லீனியர் மிச்ச வோல்டை எல்லாம் சூடாக்கித்தான் குறைக்கிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 28 வோல்ட் நிற்கும். 25 வாட்டில் பேசினால் செட் 6 ஆம்பியர் வரை இழுக்கும். 28-இல் 13.8 போக மிச்சம் 14.2 வோல்ட், அதை 6 ஆம்பியரால் பெருக்கினால் 85 வாட். செட்டுக்குப் போவதே 83 வாட்தான்! பாதிக்கு மேல் சூடாகவே போகிறது. மூன்று சால்டரிங் அயர்னை வீல்ஹவுஸில் எரிய விட்டுக்கொண்டு கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்களா? நல்ல சுவிட்சிங் பெட்டி இதே வேலைக்கு பத்துப் பதினைந்து வாட்டோடு முடித்துக்கொள்ளும்.

உப்புக்காத்து:
நாள் முழுக்க யார் பேசிக்கொண்டே இருக்கிறார்? கேட்கும்போது அரை ஆம்பியர்கூட இழுக்காது, 7 வாட் சூடு. பேசுவது அரை நிமிஷம். ஹீட் சிங்க் அதைத் தாங்கும்.

கீழக்கரை_சர்க்யூட்:
சரி, தாங்கட்டும். ஒரு நாள் அந்த 3055 ஷார்ட் ஆனால்? 28 வோல்ட்டும் நேராகச் செட்டுக்குள் போகும்.

உப்புக்காத்து:
உன் பெட்டியில் வெட்டு வேலை செய்கிற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் என்ன போகும், 13.8-ஆ?

கீழக்கரை_சர்க்யூட்:
உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, உள்ளே வரும் பக்கத்தையும் வெளியே போகும் பக்கத்தையும் பிரித்த வகையில் 28 வோல்ட் போகாது. சாதாரண மலிவு வகையில் போகும், ஒப்புக்கொள்கிறேன். எதை வைத்தாலும் ஃபியூஸும், வோல்டேஜ் ஏறினால் அந்த ஃபியூஸை எரிக்கிற எஸ்.சி.ஆர் சர்க்யூட்டும் வேண்டும்.

தேவிபட்டினம்_வலைக்காரன்:
இரண்டு பெட்டியும் எதற்கு? மைனஸ் பக்கத்துக் கீழ் பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிட்டால் இரைச்சலும் இல்லை, சூடும் இல்லை. செலவு ஒரு வயர்.

உப்புக்காத்து:
ஐயோ, வேண்டாம்! கீழ் பேட்டரி மட்டும் காலியாகிக்கொண்டே போகும். சார்ஜ் ஏறும்போது மேல் பேட்டரி முதலில் நிரம்பி, அதற்கு மேல் கொதித்துத் தண்ணீர் வற்றும். கீழ் பேட்டரி எப்போதும் அரைப் பட்டினி. இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

கீழக்கரை_சர்க்யூட்:
இதில் மட்டும் அண்ணன் கட்சிதான் நானும். ஆனால் சோதனைக்கு அது நல்ல வழி. பாம்பன்காரன், என்ஜினை ஓட்டாமல், கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் செட்டைப் போட்டுக் கேளுங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி கன்வெர்ட்டர்தான். அப்புறம், ஆண்டெனா கேபிளும் கன்வெர்ட்டர் வயரும் ஒரே குழாய்க்குள் ஓடுகின்றனவா? பழைய மானிட்டர் கேபிளில் ஒரு குமிழ் இருக்குமே, இரைச்சலை அடக்கும் அந்த ஃபெரைட்டை எடுத்து கன்வெர்ட்டரில் உள்ளே போகும் வயரிலும் வெளியே வரும் வயரிலும், பெட்டியை ஒட்டியே மாட்டுங்கள். பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால் இரும்பிலோ அலுமினியத்திலோ மாற்றுங்கள்.

பாம்பன்காரன்:
பார்த்துவிட்டேன் கீழக்கரை காக்கா. தனி பேட்டரியில் சுத்தமான அமைதி. ஆண்டெனா கேபிள் கன்வெர்ட்டர் வயரோடு ஒன்றாகத்தான் கட்டியிருந்தது, என் கைவேலை. பிரித்துக் கட்டினேன், ஃபெரைட் நான்கு மாட்டினேன். ஸ்குவெல்ச்சைப் பழைய இடத்துக்கே இறக்க முடிகிறது. கொஞ்சம் 'கிர்' மிச்சம் இருக்கிறது. ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரை அணைத்தால் அதுவும் போய்விடுகிறது.

உப்புக்காத்து:
அதற்கும் ஒரு லீனியர் செய்து தரவா?

கீழக்கரை_சர்க்யூட்:
அண்ணே, சுவிட்சிங் அதற்கு உள்ளேயே இருக்கும். வெளியே எதைக் கொடுத்தாலும் அது வெட்டத்தான் செய்யும்.

உப்புக்காத்து:
அப்படியென்றால் அதன் வயரிலும் ஒரு குமிழ் போடு தம்பி. கழற்றிய பழைய லீனியர் பெட்டியைத் தூக்கிப் போடாதே, அந்த 3055 இரண்டும் எனக்கு வேண்டும்.