பாட்டியின் அட்டிகைக் கெம்பு: ஒப்படர்த்தி ஒவ்வொரு தடவையும் மாறுகிறதே, ஏன்?

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். பாட்டியிடம் வடசேரியில் செய்த பழைய அட்டிகை ஒன்று இருக்கிறது. அரக்கு உதிர்ந்து ஆறு சிவப்புக் கற்கள் கழன்றுவிட்டன. திரும்பப் பதிக்கக் கொடுக்கும் முன் அவை என்ன கல் என்று பார்க்க ஆசை. விற்பதற்கு இல்லை, இரண்டு வருஷமாக எனக்கு இந்தக் கல் பைத்தியம். பாட்டியைக் கேட்டால் "அசல் மாணிக்கமாக்கும்" என்கிறார்.

கைவசம் பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் இருக்கின்றன. தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, ஒரு கல்லை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டேன். கல்லின் எடை 0.34 கிராம். தண்ணீரில் தொங்கும்போது தராசு காட்டியது (கல் விலக்கிய தண்ணீரின் எடை) ஒருமுறை 0.08, அடுத்து 0.10, அப்புறம் 0.09. கல்லின் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது, 4.25, 3.4, 3.78. இது ஸ்பினலா, மாணிக்கமா, கார்னெட்டா?

வெறுத்துப்போய் ஆறையும் சேர்த்துப் போட்டேன். எடை 1.53, தண்ணீரில் 0.51. ஒப்படர்த்தி 3.00! டூர்மலினாக இருக்குமோ? டார்ச் அடித்தால் எந்தக் கல்லும் ஒளிரவில்லை.

பதில் (தக்கலை)

பசும்பாலில் போட்டுப் பாருங்கள். அசல் மாணிக்கம் என்றால் பால் சிவக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கேட்டவர்

அதுவும் செய்தாயிற்று அண்ணே. ஈதான் வந்தது.

பதில் (குளச்சல்)

தம்பி, பாலை விடுங்கள். வெள்ளைப் பின்னணியில் எந்தச் சிவப்புக் கல்லும் கொஞ்சம் சாயம் காட்டும், கண்ணாடித் துண்டும் காட்டும்.

உங்கள் கணக்கு சரிதான், தராசுக்குத்தான் அவ்வளவு நுணுக்கம் இல்லை. அது 0.09 காட்டினால் உண்மை அளவு 0.085 முதல் 0.095 வரை எதுவாகவும் இருக்கலாம். 0.34 கிராம் கல்லுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே 3.6-இலிருந்து 4.0 வரை இழுத்துவிடும். அதாவது ஸ்பினலில் தொடங்கி மாணிக்கம் வரை. கூடவே ஒட்டிய காற்றுக் குமிழி, தடித்த நூல், ஓடுகிற ஃபேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். நூலுக்குப் பதில் மெல்லிய தங்கூசி (நைலான் தூண்டில் இழை) போதும். கல்லில் அரக்கு ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துடையுங்கள், அரக்கு கல்லைவிட லேசு, ஒப்படர்த்தியைக் குறைத்துக் காட்டும்.

ஆறையும் சேர்த்து நிறுத்தது நல்ல யோசனை. ஆனால் ஆறும் ஒரே கல் என்று யார் சொன்னது? 3.00 வெறும் சராசரியாக இருக்கலாம். முதலில் பிரியுங்கள். தண்ணீரில் சின்னத் தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் ஒவ்வொரு கல்லாக வைத்து, நியோடிமியம் காந்தத்தைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரும்புச் சத்துள்ள சிவப்புக் கார்னெட் மிதவையோடு நகர்ந்து வரும். மாணிக்கம் வராது. மணவாளக்குறிச்சிக் கரையில் கருமணலுக்கு நடுவே சிவப்பாக வரி வரியாகக் கிடப்பதும் கார்னெட்தான். கல்யாணம் நின்றுபோன கன்னியாகுமரி அம்மனின் அரிசியாக்கும் அது என்று சின்ன வயதில் எங்களுக்குக் கதை சொல்வார்கள்.

அடுத்து, லேப்டாப் திரையை முழு வெள்ளையாக்கி, போலரைஸ்டு கூலிங்கிளாஸைத் திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். கல்லை இரண்டுக்கும் நடுவே பிடித்துச் சுழற்றுங்கள். மாணிக்கம் ஒரு சுற்றில் நான்கு முறை வெளிச்சமாகி இருளும். ஒரு திசையில் மட்டும் அப்படித் தெரியாது, அதனால் கல்லைச் சாய்த்தும் பாருங்கள். கண்ணாடி பெரும்பாலும் இருட்டாகவே கிடக்கும். கார்னெட்டும் அப்படித்தான், ஆனால் சில கார்னெட் லேசாக ஏமாற்றும்.

கேட்டவர் (மறுநாள்)

அண்ணே, தலை சுற்றுகிறது. இரண்டு கல் காந்தத்தோடு வந்தன, நான்கு அசையவில்லை. பிரித்து நிறுத்தேன். அந்த இரண்டும் 0.68, தண்ணீரில் 0.17. அப்போது ஒப்படர்த்தி 4.0. மற்ற நான்கும் 0.85, தண்ணீரில் 0.34. அது 2.5. திரைச் சோதனையில் ஆறுமே இருட்டு. ஆனால் மாணிக்கமும் 4.0 தானே?

பதில் (குளச்சல்)

அதனால்தான் ஒப்படர்த்தியை மட்டும் நம்பக் கூடாது. சிவப்புக் கார்னெட்டும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். காந்தம் இழுத்தது, திரையில் இருட்டாக இருந்தது, ஆகவே அந்த இரண்டும் கார்னெட். டார்ச்சுக்கு ஒளிராததை நான் பெரிதாக எடுக்க மாட்டேன், இரும்பு அதிகமுள்ள மாணிக்கமும் மங்கும். இன்னொரு பக்கம், செயற்கை மாணிக்கம் பளீரென்று எரியும், அதை அசல் என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. 2.5-இல் உள்ள நான்கும் கண்ணாடியேதான். லென்ஸில் உருண்டைக் குமிழி தேடுங்கள்.

கேட்டவர்

இரண்டில் குமிழி தெரிகிறது. பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். சித்தி கல்யாணத்துக்கு முன் நான்கு கல் தொலைந்து, புதிதாகப் போட்டார்களாம். இப்போதுதான் சொல்கிறார்! இன்னும் பதினோரு கல் அட்டிகையில் இருக்கிறது, அதை எப்படிப் பார்ப்பது?

பதில் (குளச்சல்)

பின்பக்கம் மூடிய வேலை, அடியில் தகடு வேறு. லென்ஸ், டார்ச், காந்தம், இந்த மூன்றோடு நிறுத்துங்கள். கல் அட்டிகையிலேயே இருக்கும்போது காந்தமும் அவ்வளவாகப் பேசாது. நெம்பி எடுக்காதீர்கள். அந்த இரண்டு கார்னெட்டும் எந்தக் குழியில் இருந்தன என்று எழுதிவைத்துவிட்டு ஆசாரியிடம் கொடுங்கள்.