கட்டபொம்மன் கிஸ்தி கட்டினாரா? ஆண்டு விழா நாடகத்தில் ஒரு சிக்கல்

கரும்பலகை:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போடுகிறேன். கிஸ்தி (வரி) கட்ட மாட்டேன் என்று கட்டபொம்மன் முழங்கும் பழைய வசனத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முதல் ஒத்திகையிலேயே வெள்ளைக்காரக் கலெக்டர் ஜாக்சன் வேஷப் பையன் சமூக அறிவியல் புத்தகத்தை நீட்டினான். "சார், கணக்குப் பார்த்தப்போ பாக்கி 1080 பகோடாதான்னு போட்டிருக்கு. மீதியெல்லாம் கட்டிட்டாரு. அப்புறம் எதுக்கு சார் கட்ட மாட்டேன்னு கத்துறாரு?" பகோடா என்றதும் மற்றவர்கள் சிரித்ததில் அன்றைக்குத் தப்பித்தேன். (பகோடா அந்தக் காலத்துப் பொற்காசு; வராகன் என்று மாற்றியாயிற்று.) ஆனால் கேள்வி நியாயமானது. எதைக் காட்டுவது?

ஒப்பனைப்பெட்டி:
முப்பது வருடம் சபா நாடகங்களில் திரை இழுத்தவன், அதனால் என் பார்வை மேடைப்பார்வைதான். அந்த வசனம் வரும் கட்டபொம்மன் நாடகத்தை சக்தி கிருஷ்ணசாமி எழுதி, 1957இல் சிவாஜி நாடக மன்றம் சேலத்தில் அரங்கேற்றியபோது சுதந்திரம் வந்து பத்தே வருடம். வெள்ளைக்காரனை நேருக்கு நேர் கேட்பதைப் பார்க்கக் கூட்டம் காத்திருந்தது. நடந்தது என்ன? 1798இல் கலெக்டர் ஜாக்சன் குற்றாலத்தில் பார்க்க மறுத்தார், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மறுத்தார். கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி. அங்கேயும் கட்டபொம்மனையும் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையையும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தே கணக்குக் கேட்டார். இந்த அலைச்சலை மேடையில் எப்படிக் காட்டுவீர்கள்? அத்தனை ஊர் அவமானத்தையும் ஒரே அறையில் கொட்டி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாய்ப்பேச்சாக்கிவிட்டார் ஆசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் வேறு மாதிரி செய்து பாருங்கள். மேடையில் ஒரே ஒரு நாற்காலி, அதில் ஜாக்சன். குமாஸ்தா வருடவாரியாகக் கணக்கு வாசிக்கட்டும். கட்டபொம்மன் நிற்கட்டும், பேச வேண்டாம். சபை முழுக்க வசனத்துக்குக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் தாங்குகிறார்களோ அவ்வளவு நேரம் இழுங்கள்.

பாளையத்தான்:
ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த "மஞ்சள் அரைத்தாயா" வசனம் இல்லாமல் திரையை இறக்கினால் பெற்றோர் சும்மா விட மாட்டார்கள். இன்னொன்று, ராமநாதபுரத்தோடு முடித்துவிடாதீர்கள். அங்கே கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தார், பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். அப்புறம் சென்னைக்கு முறையிட்டார். கம்பெனியே மூன்று பேர் குழு வைத்து விசாரித்து, பிள்ளையை விடுவித்து ஜாக்சனைப் பதவியிலிருந்து எடுத்தது. மனு எழுதி ஜெயித்த கட்டபொம்மனை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

கரும்பலகை:
நேற்று நாற்காலியை வைத்துப் பார்த்தோம். குமாஸ்தா மூன்றாவது வருடக் கணக்குக்கு வருவதற்குள் கட்டபொம்மன் பையனுக்குக் கால் மாறி மாறி ஊன்ற வேண்டியதாகிவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொள் என்றேன். ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று ஜன்னலில் தொங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. "சார், அவருக்கும் ஒரு சேர் போடுங்க சார்!"

வசனத்தை எடுக்கவில்லை. பாக்கி 1080 வராகன் என்று குமாஸ்தா வாசித்து, ஜாக்சன் கைது செய்யச் சொன்ன பிறகுதான் வருகிறது. மனுக் காட்சிக்கு நேரம் போதவில்லை, பாளையத்தான் மன்னிக்கணும்.