மறு: பழைய ஜெர்மன் பீர் ஸ்டைன் – அடிப்பக்கக் குறிகளுக்குக் கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஸ்டைன் எனப்படும், மூடி வைத்த ஜெர்மன் பீர்க் குவளையின் அடியில் இருக்கும் குறிகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது. மேக்கர்ஸ் மார்க் என்பது செய்தவரைக் காட்டும் குறி.

> மேக்கர்ஸ் மார்க்குக்கு ‘முத்திரை’ போதாதா? நகைக்கு ஹால்மார்க் முத்திரை என்றுதானே சொல்கிறோம்?

நகைக்குப் போதும், அங்கே பார்ப்பது தரத்தை. ஸ்டைனைக் கவிழ்த்துப் பார்ப்பவருக்கு யார் செய்தது என்று தெரிய வேண்டும். அங்கே இருக்கிற எல்லாவற்றையும் முத்திரை என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

சார்லாந்தில் மெட்லாக் என்ற ஊரில் வில்லராய் அண்ட் போக் ஆலை செய்த ஸ்டைனையே எடுத்துக்கொள்வோம். அடியில் ஒரு பழைய கோபுரம், வி, பி என்ற எழுத்துகள், ஊர்ப்பெயர். (1809இல் ஜான் பிரான்சுவா போக் வாங்கி ஆலையாக்கிய துறவிமடத்தின் கோபுரம் அது.) பக்கத்தில் உருவமைப்பின் எண். இன்னொரு மூலையில் இரண்டே இலக்கத்தில் ஆண்டு. 97 என்றிருந்தால் 1897. வண்ணம் தீட்டியவருக்கும் ஓர் எண் உண்டு. அப்புறம் ‘கெஷுட்ஸ்ட்’ என்று ஒரு சொல். இந்த உருவமைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். புதிதாகச் சேகரிப்பவர்கள் அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். வெள்ளீய மூடியில் வேறொரு அடையாளம் தென்படலாம். அது மூடியைச் செய்த பட்டறையுடையது, குவளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இத்தனையில் முதலாவதை மட்டும் ஆலைக்குறி என்போம்.

> ‘குயவர் பொறி’ எப்படி? புலிப்பொறி, மீன்பொறி போல.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் எலிப்பொறிதான் முதலில் நினைவுக்கு வரும். தவிர, இவை பெரும்பாலும் சக்கரத்தில் வனைந்தவை அல்ல, அச்சில் எடுத்தவை.

உருவமைப்பின் எண்ணுக்கு உருவெண் என்பது என் யோசனை. ‘அச்செண்’ என்றால் அச்சடித்த எண் என்றும் படிக்கலாம். உருவெண் என்ற சொல்லை விட்டுவிட முடியாது. வெஸ்டர்வால்டு பகுதியில் ஹோர்-கிரென்ஸ்ஹவுசன் வட்டாரத்துச் சரக்கில் பலவற்றுக்கு ஆலைக்குறியே கிடையாது. எண் மட்டும்தான் இருக்கும். பழைய விற்பனைப் பட்டியல்களில் அந்த எண்ணைத் தேடித்தான் ஆலையைப் பிடிக்க முடியும்.

‘மேட் இன் ஜெர்மனி’ வகைக்கு நாட்டுக்குறி. 1887இல் வந்த பிரிட்டிஷ் வணிகச் சட்டத்தால் ஏற்றுமதிச் சரக்கில் பரவியது அது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, விற்பவர் என்ன கதை சொன்னாலும் சரி. விளிம்புக்குக் கீழே அரை லிட்டர் காட்டும் கோட்டுக்கு அளவுக்கோடு போதும், அதில் யாருக்கும் தகராறு இராது.

குறி எப்படிப் பதிந்தது என்பதற்கும் சொல் வேண்டும். கீழடி ஓடுகளுக்குத் தொல்லியலார் சொல்லும் ‘கீறல்’ இங்கே பொருந்தாது. ஈரக் களிமண்ணில் அழுத்தியதை அழுத்துக்குறி என்றும் மையால் அச்சிட்டதை மைக்குறி என்றும் பிரிக்கலாம். மெட்லாக்கிலேயே, மெருகுக்குக் கீழே படம் அச்சிட்ட ஸ்டைன்களில் கோபுரத்துக்குப் பதில் மெர்க்குரி தேவனின் தலை மைக்குறியாக இருக்கும். இரண்டும் ஒரே ஆலைதான். இது தெரியாமல் ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஸ்டைன் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனில் அதற்குக் கல் என்று பொருள் என்பதால் ‘கற்குவளை’ என்றால் நம்மவர்கள் கல்சட்டியை நினைத்துக்கொள்வார்கள்.

பீங்கான் ஸ்டைனின் அடியில், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும் லித்தோபேன் படத்துக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘ஒளியூடு சித்திரம்’ நீளம். யோசனை இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள்.