தோளைத் தள்ளினால் திறக்கும் நண்டுக் கொடுக்கு: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

இடது முழங்கைக்குக் கீழே எனக்குக் கை இல்லை. ஒன்பது வருஷமாகச் செயற்கைக் கையாகக் கேபிள் கொக்கிதான் போடுகிறேன். தோளை முன்னால் தள்ளினால் கேபிள் இழுபட்டு, கொக்கியின் இரண்டு விரல்களில் ஒன்று விலகும். விட்டால் ரப்பர் வளையங்கள் மூடிவிடும். இந்தப் பிளவுக் கொக்கிக்கு டோரன்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கியது 1912-ல். இன்றைக்கும் நம்மில் பலர் போடுவது அந்த அமைப்பைத்தான்.

மாறுவேட நிகழ்ச்சிக்குப் போக ஆசைப்பட்டபோது, கொக்கியை எப்படி மறைப்பது என்றுதான் முதலில் யோசித்தேன். ஒரு நாள் ராத்திரி கையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். ஒரு விரல் அசையாது, ஒரு விரல் திறக்கும். நண்டின் கொடுக்கும் அப்படித்தானே! அதற்கப்புறம் மறைக்கிற எண்ணமே போய்விட்டது.

முதலில் செய்தது படுதோல்வி. காகிதக்கூழில் முழங்கை வரை ஒரு பெரிய கூடு செய்தேன். காய்ந்தபின் 700 கிராம். கேட்கக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் கையின் நுனியில் தொங்கும் கனம், மீதிக் கை நுழையும் குவளையான சாக்கெட்டின் விளிம்பில்தான் அழுத்தும். அரை மணி நேரத்தில் சாக்கெட் கீழே இறங்கிவிட்டது. உள்ளே போடும் மெத்தென்ற உறையான லைனரைக் கழற்றினால் முழங்கை எலும்பின்மேல் விரல் அகலத்துக்குச் சிவந்த தடம். மறுநாள் காலைவரை அது மறையவில்லை. இரண்டு நாள் கையே போடாமல் இருந்தேன். தயவுசெய்து யாரும் சாக்கெட்டின்மேல் கனத்தை ஏற்றாதீர்கள்.

இரண்டாவது முறை ஃபோம். கொக்கியைத் தனியே கழற்றி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினேன். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, கோட்டோடு வெட்டி எடுத்து விரித்தால் அதுதான் அளவு. அதைப் பெரிதாக்கி 5 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஃபோமில் (ரப்பர் மாதிரி மெத்தென்ற தாள்) வரைந்து வெட்டினேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கி, ஒரு தகர டப்பாமேல் வைத்து வளைத்தேன். கையில் மாட்டிக்கொண்டு சூடாக்கவே கூடாது. ஒட்டுப் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்தினால் பிறகு பிரியவே பிரியாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றும்.

இரண்டு விரலுக்கும் தனித்தனி உறை, மொத்தம் 180 கிராம். கொக்கியில் எதையும் ஒட்டவில்லை, உறையை உருவினால் வந்துவிடும். முதலில் கேபிள் மாட்டும் சின்ன முனையையும் சேர்த்து மூடிவிட்டேன், தோளை எவ்வளவு தள்ளியும் கொடுக்கு திறக்கவில்லை. அடியில் ஒரு பிளவு விட்டதும் சரியானது.

என்னிடம் நான்கு ரப்பர் வளையங்கள். வளையத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ பிடி என்பார்கள். ஃபோம் நுனி கொக்கியின் நுனியைவிட இரண்டு மடங்குக்குமேல் தள்ளி இருப்பதால், அங்கே பிடி பாதிக்கும் கீழே. கூட்டத்தில் யார் விரலாவது மாட்டினாலும் வலிக்காது. அதே காரணத்தால் தோளைக் கொஞ்சம் அசைத்தாலே கொடுக்கு அகலமாகத் திறக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

வாசலில் சோதனை செய்தவர் ஃபோம் நுனியை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே இரும்பு தட்டுப்படவே தயங்கினார். உறையை உருவிக் காட்டினேன். “மன்னிச்சுக்கோங்க சார்” என்று உள்ளே விட்டார். உள்ளே ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னை விடவே இல்லை. பத்துத் தடவையாவது திறந்து மூடச் சொல்லியிருப்பாள். அப்புறம் கேட்டாள்: “நண்டுக்குக் கொடுக்கு போனா மறுபடி முளைக்கும், தெரியுமாண்ணே?” தெரியும் என்றேன். “உங்களுக்கும் முளைச்சிருச்சா?” அவள் அம்மா பதறிப்போய் இழுத்தார். நான் தடுத்து, “இல்லம்மா, இத நானே செஞ்சேன்” என்று உறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன்.

——

அண்ணே, படித்ததும் என் கதையையும் எழுதத் தோன்றியது. எனக்கு மின்தசைக் கை, தசையின் மின்சைகையால் மோட்டார் ஓடும் வகை. மோட்டார் விரல்களில் எதையும் மாட்ட மனசு வரவில்லை. அதனால் அதைக் கழற்றிவிட்டு, பழைய கேபிள் கையை மாட்டி, அதன் மணிக்கட்டில் நேராக வேடத்துக்கான ஒரு விளக்குத் தண்டைப் பொருத்தலாம் என்று அரை அங்குல போல்ட் வாங்கித் திருகினேன். அரைச் சுற்றிலேயே இறுகியது. நல்லவேளை, நிறுத்திவிட்டேன். அந்த மணிக்கட்டில் அங்குலத்துக்கு 20 மரை. கடை போல்ட்டில் 13. சில கைகளில் 12 மில்லிமீட்டர் குறுக்களவு, மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி என்று வேறு அளவும் உண்டு. கை பொருத்திக் கொடுத்தவரிடம் கேட்டு, சரியான மரை உள்ள துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். இழுத்தால் கழன்றுவிடும்படி தண்டை அதில் காந்தத்தால் பிடிக்க வைத்திருக்கிறேன். படிக்கட்டில் ஒருவர் பை அதில் சிக்கியபோது தண்டு மட்டும் விழுந்தது, நான் விழவில்லை.

——

கொக்கிக் கை போடும் என் மகனுக்கு டிராகன் நகம் செய்தோம், 3டி அச்சில், பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில். வெயிலில் நின்ற காருக்குள் வைத்துவிட்டுத் திரும்பினால் ஐந்து நகமும் தொங்கிப்போயிருந்தன. அந்தப் பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கமே இளகிவிடும். அவன் அழுத அழுகை! பி.இ.டி.ஜி. என்ற வேறு பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சிட்டோம், இதுவரை தாங்குகிறது. அவன் இப்போது நண்டு கேட்கிறான். அந்த உறையின் அளவுத்தாளை அனுப்ப முடியுமா அண்ணா? அவன் கொக்கி சின்னது, நான் குறைத்துக்கொள்கிறேன்.