ஒட்டுண்ணி அலைவா, கள்ள அலைவா?

உள்ளீடு எதுவும் கொடுக்காதபோதே ஆடியோ பெருக்கி தானாக அலையத் தொடங்கும் கோளாறுக்கு, ஆங்கிலத்தின் 'பாரசிடிக் ஆசிலேஷன்' என்பதை அப்படியே பெயர்த்து, 'ஒட்டுண்ணி அலைவு' என்று பெயர் வைக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அலைவு சரி, பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிற சொல். சிக்கல் ஒட்டுண்ணியில்தான். அதைக் கேட்டதும் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று என்று மனம் போகிறது, பழுது தேடும் கையும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிடிஏ 2030 சிப்பை வைத்து வீட்டிலேயே ஒரு பெருக்கி கட்டினேன். வழக்கமான சுற்றில் பின்னூட்டத்துக்கு, அதாவது வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுப் பக்கமே திருப்பி அனுப்புவதற்கு, 22 கிலோ ஓம், 680 ஓம் என இரண்டு மின்தடைகள் வரும், பெருக்கம் சுமார் 33 மடங்கு. எனக்கு அவ்வளவு வேண்டாம், குறைத்தால் இன்னும் நிதானமாக ஓடும் என்று நினைத்து 22 கிலோவைக் கழற்றிவிட்டு 4.7 கிலோ போட்டேன். பாட்டு கேட்டது. ஆனால் குரலில் ஒரு மெல்லிய சொரசொரப்பு, பாட்டை நிறுத்தி ஸ்பீக்கர் அமைதியான பிறகும் சிப்பின் சூட்டை வெளியேற்றும் வெப்பத்தட்டில் விரல் வைக்க முடியவில்லை. ஏதோ இரைச்சல் உள்ளே நுழைகிறது என்று உள்ளீட்டு வயருக்குக் கவசம் போட்டேன், டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்தேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டினால், கோடு மெலிதாக இல்லாமல் நாடா மாதிரி தடித்துக் கிடக்கிறது. நேர அளவைச் சுருக்கச் சுருக்க அந்த நாடா பிரிந்து சைன் அலையாக நின்றது, காதுக்கு எட்டவே எட்டாத அதிர்வெண்ணில்.

அந்தச் சிப்புக்குப் பெருக்கம் 24 டெசிபலுக்கு, அதாவது ஏறத்தாழ 16 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். நான் வைத்தது 8. பெருக்கத்தைக் குறைப்பது என்றால் பின்னூட்டத்தைக் கூட்டுவது. உயர் அதிர்வெண்ணில் கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம், கூடுதலாக 180 பாகை பின்தங்கிய இடத்தில், பின்னூட்டப் பாதையைச் சுற்றி வரும் பெருக்கம் இன்னும் ஒன்றுக்குக் குறையாமல் இருந்ததால், உள்ளீட்டைக் குறைக்க வேண்டிய எதிர்ப்பின்னூட்டமே அதைக் கூட்டும் நேர்ப்பின்னூட்டமாகிவிட்டது. வெளியாள் யாருமே இல்லை.

இதுவும் மின்சாரத்தைத் தின்கிறதே, ஒட்டுண்ணி பொருந்தாதா என்று கேட்கலாம். வயர்களுக்கும் செம்புத் தடங்களுக்கும் இடையில் நாம் வைக்காமலே அமைந்துவிடும் மின்தேக்கத்துக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். 'தன்னலைவு' எனக்கும் பிடித்த சொல், ஆனால் நாம் வேண்டியே கட்டுகிற அலையியற்றியும் தானாகத்தான் அலைகிறது. 'வேண்டா அலைவு' பொருளில் சரி, வாயில் நிற்காது.

என் பரிந்துரை கள்ள அலைவு. கள்ளச்சாவி, கள்ளக்கணக்கு என்று சொல்கிறோம் அல்லவா, வெளியே எல்லாம் ஒழுங்காகத் தெரியும், உள்ளே தெரியாமல் ஒன்று நடக்கும். இங்கேயும் அப்படித்தான்: மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, ஸ்பீக்கரில் அது கணக்கில் வரவில்லை, வெப்பத்தட்டு மட்டும் காட்டிக்கொடுக்கிறது. பழிக்கும் தொனி இருக்கிறது என்றால், இருக்கட்டும். நாம் ஒழிக்க நினைக்கிற கோளாறுதானே. எழுதும்போது மட்டும் இரண்டு சொல்லாகப் பிரித்தே எழுத வேண்டும்; சேர்த்தால் 'கள்ளவலைவு' ஆகி, படிப்பவர் வலையைத் தேடுவார்.

காதுக்கே கேட்கும் வகைகளை இதில் சேர்க்க வேண்டாம். ஸ்பீக்கர் ஒலி மைக்கில் திரும்ப நுழைந்து கத்துவதற்கு 'ஊளை' போதும். மின்வழங்கியில் வடிகட்டல் போதாமல் பெருக்கியின் ஒரு படிநிலை இன்னொன்றை ஆட்டி, மோட்டார் படகு மாதிரி அடித்துக்கொண்டே இருக்குமே, அதைக் 'குடுகுடுப்பு' என்றால் ஒருமுறை கேட்டவருக்கு விளக்கமே தேவைப்படாது.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். "மின்வழங்கிக் கால்களுக்கு ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் வைக்காவிட்டால் பெருக்கி கள்ள அலைவில் விழும்." "வெளியீட்டிலிருந்து தரைக்கு 1 ஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் தொடராகப் போட்டதும் கள்ள அலைவு அடங்கியது." எனக்கு எங்கும் இடறவில்லை. உங்கள் சுற்றுக் குறிப்புகளிலும் இதே மாதிரி இரண்டு வரி எழுதிப் பாருங்கள், இடறினால் அந்த வாக்கியத்தையே அனுப்புங்கள்.