கிராம சபையில் "உங்க ஆட்சி, எங்க ஆட்சி" சண்டை: உங்க ஊரில் எப்படி முடியுது?

மடைத்தலை:
மே 1 கூட்டம் இன்னும் மனசுல ஓடுது. ஊராட்சியோட வரவு செலவுக் கணக்கான படிவம் 30 வாசிக்க ஆரம்பிச்சு மூணு வரி தாண்டல, சண்டை தொடங்கிருச்சு. பந்தலுக்கு இந்தப் பக்கம் ஒரு கரை வேட்டி, அந்தப் பக்கம் இன்னொரு கரை வேட்டி, நடுவுல நூறு நாள் வேலைப் பெண்கள். கீழத்தெருவுக்குத் தண்ணி வரலங்கிறது விஷயம். யார் ஆட்சியில பைப் போட்டதுங்கிறதுலயே அரை மணி நேரம் போச்சு.

அப்போ ஒரு அம்மா எழுந்து, "யார் போட்டா என்னய்யா, வால்வு திறக்குறவரைக் கூப்பிடுங்க"ன்னாங்க. ஆபரேட்டர் வால்வு சாவியோடவே வந்து நின்னார். தொட்டி 30,000 லிட்டர். மேலத்தெருவுக்கு முக்கால் மணி நேரம், கீழத்தெருவுக்கு 20 நிமிஷம், அதுவும் மேலத்தெரு வால்வை முழுசா மூடாமலே. அப்புறம் கடைசி வீட்டுக்கு எப்படி ஏறும்? ரெண்டு பக்கமும் சத்தம் அடங்கிருச்சு. ஒண்ணை முழுசா மூடின பிறகுதான் அடுத்ததைத் திறக்கணும், ரெண்டுக்கும் சம நேரம்னு தீர்மானம் ஆச்சு.

கிழக்கால:
ஆபரேட்டரைக் கூப்பிட்டா தீர்ந்துடும்னு யாரும் நம்பிடாதீங்க. பக்கத்து ஊராட்சியில இப்படித்தான் கூப்பிட்டாங்க. அதுவரை எதிரும் புதிருமா நின்ன ரெண்டு கட்சியும் ஒண்ணா சேர்ந்து அந்த ஆள் மேல பாய்ஞ்சது. சொற்பக் கூலிக்கு வால்வு திருப்புறவர், தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னார். அப்புறம், "அரசியல் பேசாதீங்க"ன்னு சொல்றதும் எனக்கு ஒப்பல. கீழத்தெரு எப்பவுமே பைப் லைனோட கடைசியில இருக்கே, அது தானா அமைஞ்சதா? அதைக் கேட்கத்தான் வேணும். கேட்கிற விதம்தான் விஷயம்.

பேரேடு:
எங்க ஊர்லயும் இதே கூத்துதான், தெருவிளக்குக்காக. அதை விடுங்க. சண்டை கூட்டத்துல ஆரம்பிக்கிறது இல்ல, அதுக்கு முந்தின வாரமே ஆரம்பிச்சிடுது. கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்னாடி வரணும். அன்னைக்கே வரவு செலவைக் கேட்டு வாங்கி, எதிர்க் கட்சிக்காரர் ஒருத்தரோட டீக்கடையில உட்கார்ந்து வரி வரியாப் பாருங்க. தனியாப் பேசும்போது ஒத்துக்கிறதை மைக் முன்னாடி எவனும் ஒத்துக்க மாட்டான்.

"தண்ணிக் காசை ரோட்டுக்குப் போடலாமே"ன்னு ஒருத்தர் கத்துவார். மத்திய அரசு ஊராட்சிக்குக் கொடுத்த 15-வது நிதிக்குழு மானியத்துல (2021-26) 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குன்னே ஒதுக்கினது, அதைத் தொட முடியாம இருந்துச்சு. மீதி 40-ல தான் ரோடு பேச முடிஞ்சது. எந்தக் காசை எதுக்குச் செலவழிக்கலாம்னு இப்படிச் சொன்னாலே பாதிக் குரல் இறங்கிடும்.

கேள்வியில ஆள் பேர், கட்சிப் பேர் வேண்டாம். "மோட்டார் பழுதுக்கு எந்தத் தேதியில எவ்வளவு எழுதியிருக்கு, பில் எங்க"ன்னு கேளுங்க. "எவ்வளவு அடிச்சீங்க"ன்னு கேட்டா அதுக்குப் பதிலே வராது, சண்டைதான் வரும். பதில் சொல்றதுக்கு முன்னாடி, "அண்ணே, நீங்க சொல்றது இதுதானே"ன்னு அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க. அவர் "ஆமா"ன்னு சொல்ற வரைக்கும் எதிர்வாதம் கூடாது. உட்கார்றது தெருவாரியா. கட்சிவாரியா உட்கார்ந்தா கைதட்டுக்குன்னே பேசுவாங்க.

முக்கியமா கையெழுத்து. குறைஞ்சது இத்தனை பேர் வந்த கணக்கு வேணுமேன்னு (500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதுக்கு மேல 300) வந்த உடனேயே வெத்துத் தாள்ல வாங்குவாங்க. வருகைப் பதிவேட்டுல போடுங்க, தப்பில்ல. தீர்மானத்துக்குக் கீழ மட்டும், எழுதி வாசிச்ச பிறகுதான். ஒத்துவராத கருத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. எழுதிட்டா அடுத்த கூட்டத்துல முதல்ல இருந்து கத்த வேண்டியிருக்காது.

மடைத்தலை:
கேட்டது ஒண்ணு, வந்தது ஒரு பாடப் புத்தகம் 😄 ஆனா அந்த "இதுதானே சொல்றீங்க" நல்லாருக்கு. பற்றாளரா வர்ற அதிகாரி அதைச் செஞ்சா ரெண்டு பக்கமும் கேட்பாங்க.

கிழக்கால:
பற்றாளர் வடை சாப்பிட்டு முடிச்சா பார்க்கலாம். தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்ல கட்சிச் சின்னமே கிடையாது. ஆனா யார் எந்தக் கட்சின்னு குழந்தைக்கும் தெரியும். அதை மறைக்கச் சொல்லல. இன்னொண்ணு, கூட்டம் முடிஞ்ச ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குரூப்பை அட்மின் மட்டும் எழுதுற மாதிரி மாத்தி வைங்க. தீர்மானத்தோட போட்டோ ஒண்ணு மட்டும் போடணும். நேர்ல சமாதானமாப் போனவன், ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ்ல மறுபடி ஆரம்பிப்பான்.