செர்னோபில் தொடர்: ஐந்து எபிசோடையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கலாமா?

வைகைக்கரை
1986 அணு உலை விபத்தைப் பற்றி 2019-ல் எச்பிஓவில் வந்த செர்னோபில் தொடரை இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேர் சேர்ந்து பார்ப்பதாகத் திட்டம். ஒருவர் பிளஸ் டூ மாணவி. எங்கே இடைவேளை விடலாம்? அணு உலை பற்றி முன்கூட்டியே எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? காட்டுவதில் எது நடந்தது, எது சேர்த்தது? விபத்து எல்லோரும் அறிந்ததுதான், அதனால் கதையை மறைக்காமலே சொல்லுங்கள்.

நிலாத்திரை
தாராளமாக முடிக்கலாம். மொத்தம் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும், கடைசி எபிசோட் மட்டும் ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பக்கம்.

முதல் இரண்டையும் இடைவெளி விடாமல் பாருங்கள். இரண்டாவது எபிசோட் நிலத்தடியில், டார்ச் ஒவ்வொன்றாக அணைந்து, கதிர்வீச்சு அளக்கும் கருவி கடகடவென்று அடிக்கும் இடத்தில் முடியும். அதன் விடை மூன்றாவதின் தொடக்கத்திலேயே இருக்கிறது. எனவே இரண்டுக்குப் பிறகு நிறுத்தினால் சாப்பாடு இறங்காது. மூன்றாவதின் முதல் சில நிமிடங்களைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

மூன்றாவதும் நான்காவதும்தான் கனமானவை. மூன்றாவதில் மாஸ்கோ மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களின் உடல் நாளுக்கு நாள் சிதைவதைக் கண்ணை மூடாமல் காட்டுகிறார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வெக்கை தாங்காமல் ஆடையின்றி வேலை செய்யும் காட்சியும் உண்டு, குடும்பமாகப் பார்ப்பதால் சொல்லிவைக்கிறேன். நான்காவதில் ஊர் காலியான பிறகு கைவிடப்பட்ட நாய்களைச் சுட்டுக் கொல்லும் பகுதி நீளமானது. வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இங்கேதான் எழுந்து போவார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் மனம் மரத்துப்போகும். பிறகு நான்காவதில் உலையிலிருந்து சிதறிய கிராஃபைட்டைக் கூரைமேல் அள்ளும் காட்சி உறைக்காது, தொடரிலேயே சிறந்த ஒன்றரை நிமிடம் அது. ஓர் ஆளுக்குக் கொடுத்த 90 விநாடியை நாமும் முழுசாக அவனோடு நிற்கிறோம். எனவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அணுக்கரு
முன்கூட்டி எதுவும் படிக்க வேண்டாம். ஐந்தாவது எபிசோடில் விபத்தை ஆராய்ந்த விஞ்ஞானி லெகசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு அட்டை, நீல அட்டை வைத்து விளக்குவது நல்ல பாடம். சிவப்பு அணுவினையை ஏற்றுவது, நீலம் இறக்குவது. ஆனால் களைத்த கண்ணோடு பார்த்தால் செனான் வரும்போதே பிடி நழுவிவிடும். கீழே இருப்பதை நான்காவது முடிந்ததும் வாசித்துக்கொள்ளுங்கள்.

அது ஆர்பிஎம்கே வகை உலை. கிராஃபைட் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்து வினையைத் தொடர வைக்கும். தண்ணீர் குளிர்விக்கும், கூடவே நியூட்ரான்களை விழுங்கும். தண்ணீர் ஆவியானால் விழுங்குவது குறையும், கிராஃபைட் அப்படியே இருக்கும், சக்தி ஏறும், இன்னும் ஆவியாகும்.

விபத்தன்று நடந்த சோதனை இதுதான்: மின்சாரம் போனால், டீசல் ஜெனரேட்டர்கள் முழு வேகம் பிடிக்கும்வரை, ஓய்ந்துகொண்டிருக்கும் டர்பைனின் சுழற்சியை வைத்தே பம்புகளை ஓட்ட முடியுமா? 700 மெகாவாட் வெப்பசக்தியில் நடந்திருக்க வேண்டும். சக்தி 30-க்கு விழுந்தது, இழுத்துப் பிடித்து 200-க்குக் கொண்டுவந்தார்கள். சக்தி விழும்போது அயோடின்-135 சிதைந்து செனான்-135 சேரும், அது நியூட்ரான்களை விழுங்கி உலையை அமுக்கும். அதை ஈடுகட்ட, நியூட்ரான்களை விழுங்கி வினையை அடக்கும் 211 கட்டுப்பாட்டுத் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே எடுத்துவிட்டார்கள்.

பிறகு உலையை நிறுத்த ஏஇசட்-5 பொத்தான். தொடரில் தண்டின் 'நுனி' கிராஃபைட் என்கிறார்கள். கேட்பவர் பேனா முனை மாதிரி நினைத்துக்கொள்வார். உண்மையில் அது நாலரை மீட்டர் நீளத் துண்டு. தண்டு முழுக்க வெளியே இருக்கும்போது இந்தத் துண்டு உலையின் நடுவில் நிற்கும், அதன் கீழே ஒன்றேகால் மீட்டருக்குத் தண்ணீர். தண்டு இறங்கினால் முதலில் அந்தத் தண்ணீர் வெளியேறி அங்கே கிராஃபைட் வரும். நிறுத்தப் போட்ட பொத்தான் உலையின் அடிப்பகுதியில் சக்தியை ஏற்றியது இப்படித்தான். தண்டு முழுக்க இறங்க ஏறக்குறைய 18 விநாடி வேண்டும், அவ்வளவு நேரம் கிடைக்கவில்லை.

மாணவி கூடங்குளம் பற்றிக் கேட்கலாம். அங்கே இருப்பவை விவிஇஆர் வகை. தண்ணீரே குளிர்விப்பானும் வேகத்தணிப்பானும். தண்ணீர் போனால் தொடர்வினையும் தளரும். உலையைச் சுற்றிக் கான்கிரீட் கவசக் கட்டடமும் உண்டு. கூடங்குளம் பற்றிய மற்ற கேள்விகள் வேறு, இந்தக் கோளாறு அங்கே பொருந்தாது.

பழையதாள்
உண்மை எது என்ற கேள்விக்கு வருகிறேன். பொருட்கள், உடைகள், வீடுகள் விஷயத்தில் தொடர் அபாரம். ஆலைக் காட்சிகளில் பல லிதுவேனியாவின் இக்னலினா அணுமின் நிலையத்தில் எடுத்தவை. அதுவும் ஆர்பிஎம்கே குடும்பம்தான்.

நிகழ்வுகளில் கவனம் தேவை. உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி நிஜத்தில் இல்லை, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். இரண்டாவது எபிசோடில் விழும் ஹெலிகாப்டர் உண்மையில் 1986 அக்டோபர் 2 அன்று கிரேன் கம்பியில் இறக்கை பட்டு விழுந்தது. உருகிய எரிபொருள் நிலத்தடித் தண்ணீரைத் தொட்டால் மெகாடன் கணக்கில் வெடிக்கும் என்று தொடரில் சொல்வது இயற்பியலுக்கு ஒவ்வாது. நீராவி வெடிப்பு அவ்வளவு பெரிதாக முடியாது. அந்தத் தண்ணீரை வடிக்க நிலத்தடிக்குப் போன மூவரும் உயிரோடு திரும்பினார்கள். 1987 ஜூலையில் நடந்த விசாரணைக்கு லெகசோவும் அரசுத் தரப்பின் ஷெர்பினாவும் போகவே இல்லை, அந்த உரை முழுக்க எழுத்தாளர் கையில் பிறந்தது.

எனக்கு மன்னிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. கழுவிச் சுத்தம் செய்யப்பட்ட நோயாளியைத் தொட்டாலே ஆபத்து என்பது போலவும், அவருடைய கர்ப்பிணி மனைவியின் வயிற்றுக் குழந்தை தாயின் கதிர்வீச்சை உறிஞ்சித் தாயைக் காப்பாற்றியது போலவும் காட்டுவது தவறான மருத்துவம். பிளாஸ்டிக் திரை நோயாளிக்கு வெளியிலிருந்து தொற்று வராமல் இருக்கத்தான். செர்னோபில் பகுதி மக்களைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிய பயத்துக்கு இது தீனி போடுகிறது. மாணவியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சோதனையை மேற்பார்வையிட்ட பொறியாளர் டியாட்லோவை வெறும் முரடராகவே காட்டுவதும் குறைதான். சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 1992 அறிக்கையில் பழியின் பெரும்பகுதியை உலையின் வடிவமைப்பு மேல் வைத்தது.

வைகைக்கரை
மிக்க நன்றி. டிவியில் ஏதாவது மாற்ற வேண்டுமா? ஐந்தாவதை மறுநாள் காலைக்குத் தள்ளலாமா?

நிலாத்திரை
தள்ள வேண்டாம், ஆனால் இரவு பத்துக்கு மேல் தொடங்காதீர்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மூன்று எபிசோடும் இடையில் சின்ன ஓய்வும் சேர்ந்து பன்னிரண்டரைக்குள் முடியும். நான்காவது மூன்று மணிக்கு. காபி, கொஞ்சம் நடை, பிறகு ஐந்தரைக்குக் கடைசி.

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை அணையுங்கள், இல்லாவிட்டால் படம் மெகா சீரியல் போலத் தெரியும். நிலத்தடிக் காட்சி கிட்டத்தட்ட இருட்டு, எனவே பகலில் ஜன்னல் திரையை மூடுங்கள். ஸ்பீக்கர் இரண்டுதான் என்றால் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், வசனம் அமுங்காது. ஹில்டர் குட்னடோட்டிர் இசையை இக்னலினா ஆலையில் பதிவு செய்த ஒலிகளிலிருந்தே உருவாக்கினார். அந்த ரீங்காரம் கேட்காவிட்டால் பாதி பயம் போய்விடும். ஆங்கில சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பெயர்கள் மனதில் நிற்கும்.

அடுத்த எபிசோட் தானாக ஓடுவதையும் நிறுத்திவையுங்கள். ஐந்தாவது முடிந்ததும் வரும் நிஜப் படங்களையும் எழுத்துகளையும் அவசரப்படாமல் பாருங்கள். பிறகு முதல் எபிசோடில் வெடிப்பு முடிந்த அடுத்த விநாடி தொடங்கும் கட்டுப்பாட்டு அறைக் காட்சியை மட்டும் ஒரு பத்து நிமிடம் திரும்பப் போடுங்கள். காலையில் வெறும் கூச்சலாகக் கேட்ட ஒவ்வொரு வசனமும் இப்போது எதைப் பற்றியது என்று புரியும்.